சார் ஏன் கத்தவில்லை?

"பரவால்லங்கம்மா. தப்பு பண்ணாதவங்க யாரு? மெதுவா பிரிச்சுத் தைங்க, நான் வெய்ட் பண்றேன்."

சொன்னவர் சூப்பர்வைசர் ஜான்சன். கோணலாய்த் தைத்த ஷூ மேல்தோலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் முத்துமாரி பயந்துபோய் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தாள்.

போன மாதமாக இருந்தால் அந்தத் தோல் அவள் மூஞ்சிக்கு நேரே பறந்து வந்திருக்கும். கூடவே "கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது?" என்று ஒரு கத்தல் கிளம்பி, ஆம்பூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். இந்தத் தையல் செக்‌ஷனில் அவர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அத்தனை பேருக்கும் ஒரே பேர், "ஏய்".

இப்போது ஒரு வாரமாக வாங்க, போங்க. பாத்ரூம் போகக் கேட்டால் "தாராளமா போய்ட்டு வாங்க" என்கிறார். மூன்று பெண்கள் பயந்துபோய், கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.

"பேஜாரா இருக்குது ஆஃப்ரீன்" என்றாள் முத்துமாரி, பக்கத்து மெஷினில் இருந்தவளிடம். "என் பழைய கம்பெனிலயும் இப்டித்தான். எரிஞ்சு விழுந்துட்டிருந்த மேனேஜரு ஒரு நாளு எல்லாரையும் அம்மா, அம்மான்னு கூப்ட்டு லட்டு குடுத்தாரு. மறுநாளு வந்து பாத்தா கேட்ல பூட்டு."

"சும்மா இரு அக்கா, நீ வேற! ஆர்டரு கம்மின்னு ஏற்கெனவே பேசிக்கறாங்க."

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் அவரையே கவனித்தார்கள். சாம்பார் சாதத்தை உருட்டி உருட்டி அடிக்கிற மனிதர், இன்று ஸ்பூனையும் முள்கரண்டியையும் வைத்து அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாதி சாதம் மேஜையில் கிடந்தது.

"கவலைல சோறு கூட எறங்கல பாரு" என்றாள் ஆஃப்ரீன்.

அதற்குமேல் முத்துமாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள். அந்தப் படிப்பு ஓடுவதே இந்த மெஷினில்தான். நாற்பத்தைந்தைத் தாண்டியவளை இனி எந்தக் கம்பெனியும் வாசலில் நிற்கக்கூட விடாது. ஊசி இரண்டு தடவை உடைந்தது. அதற்கும் அவர் கத்தவில்லை.

சாயங்காலம் மாதனூர் போகிற கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. எல்லோரும் ஏறினார்கள். அவள் மட்டும் திரும்பி நடந்து, நேராக ஜான்சன் முன்னால் போய் நின்றாள்.

"சார், மறைக்காம சொல்லிடுங்க. கம்பெனிய மூடப் போறீங்களா? எங்கள வீட்டுக்கு அனுப்பத்தானே இப்டித் தேன் ஒழுகப் பேசறீங்க?"

ஜான்சன் திருதிருவென்று விழித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"கம்பெனி எங்கயும் போவலம்மா. நான்தான் போறேன். போர்ச்சுகல்ல ஒரு ஷூ கம்பெனில வேலை. குடும்பத்தோட அங்கயே செட்டில் ஆவறோம்."

போன உயிர் திரும்பி வந்தது முத்துமாரிக்கு. அடுத்த நிமிஷமே அவர்மேல் இரக்கமும் வந்தது. என்ன கத்தினாலும் ஆறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர் அல்லவா? நான்தான் தப்பாய் நினைத்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"பிரியற நேரத்துல எங்க மேல பாசம் வந்துச்சா சார்?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சேச்சே, அது இல்லம்மா. புது நாட்டுக்குப் போற நம்மாளுங்க இன்னின்ன தப்பு பண்றாங்கன்னு கிளாஸ் எடுத்தாங்க. மொத தப்பே கீழ வேலை செய்றவங்ககிட்ட கத்தறதுதானாம். அங்கல்லாம் அவங்கள மனுசங்களா நடத்தணுமாம்."

குரலை இன்னும் பணிவாக்கிக்கொண்டு சொன்னார்.

"அதான், போறவரைக்கும் உங்ககிட்ட பழகிப் பாக்கறேங்க."