காணிப்பாக்கத்துச் சத்தியம்

செல்வி தன் புருஷன் கன்னையாவை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். கண்ணும் நகமும் மஞ்சளாகக் கிடந்தான்.

“தாகுதாடா?” என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். குடிப்பானா என்று.

கன்னையா தலையணையில் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தான். இல்லை.

டாக்டர் செல்வியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “குடிப்பாரு சார்” என்றாள்.

கன்னையா அவளையே பார்த்தான். மகள் அகிலாவுக்குச் சோறு போட்டுவிட்டு வரலாம் என்று அவள் வீட்டுக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் போய்விட்டான்.

ஒருகாலத்தில் குடிகாரன்தான். நகரியில் தறி ஓட்டியபோது பாதி நாள் தெருவில் கிடப்பான். அகிலா பிறந்ததும் செல்வி அவனைக் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துப் போனாள். குளத்தில் முங்கி, ஈர வேட்டியோடு, கைக்குழந்தை தலைமேல் கை வைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது. சித்தூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்புறம் திருப்பதிக்கு வந்து, அலிபிரி போகும் ரோட்டில் ஒரு டிரை கிளீனிங் கடையில் சேர்ந்தான். மலையில் கல்யாணம் முடித்தவர்களின் பட்டுப்புடவை, லாட்ஜ் கம்பளி எல்லாம் அங்கேதான் வரும். அவனுக்கு மெஷின் ரூம் வேலை.

கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் போனது. பிறகு சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வர ஆரம்பித்தான். கண் சிவந்திருக்கும், நாக்கு குழறும். சாராய நெடி இல்லை. தித்திப்பாக ஒரு வாடை. ஏதோ புதுச் சரக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“சத்தியமா இல்லமே. அந்த ரூமுக்குள்ள நின்னாலே தலை சுத்துது.”

“ஆமா, துணி தோய்ச்சா போதை ஏறுதாம். வெளிய சொல்லாத, கடை வாசல்ல கியூ கட்டி நிப்பானுங்க.”

கிண்டலெல்லாம் வாயோடு சரி. அவன் தள்ளாடி வரும்போதெல்லாம் ஓடிப்போய் அகிலாவின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். லேசாகச் சுட்டால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

ஆடியில் அவன் செத்தபோது, பிள்ளையார் கணக்கைத் தீர்த்துவிட்டார் என்றது தெரு. அடுத்தது குழந்தையா என்று செல்வி ராத்திரியெல்லாம் அகிலாவின் பக்கத்தில் விழித்துக் கிடந்தாள்.

கார்த்திகையில் கடை முதலாளி பெரிய மனது பண்ணி, அதே வேலையை அவள் தம்பி கேசவனுக்குக் கொடுத்தார். மாமனைக் குடிகாரன் என்று எல்லாரையும்விட அதிகம் ஏசியவன் கேசவன்தான். அய்யப்பனுக்கு மாலை போட்டிருந்தான். கடையில் டீ கூடக் குடிக்கமாட்டான். தம்பியானாலும் இப்போது அவளுக்கு அவன் ‘சாமி’.

ஒரு மழைச் சாயங்காலம். செல்வி விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்தாள். கேசவன் தள்ளாடிக்கொண்டு வந்து, நிலையைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தான்.

“இன்னா சாமி, இன்னா ஆச்சு?”

“ஒண்ணுமில்லக்கா. மழைன்னு இன்னிக்கு ஷட்டரும் போட்டுட்டாங்க. ஜன்னலைத் தொறந்தா துணி தோய்க்கிற மருந்து காத்துல பூடும்னு ஓனரு எப்பவும் சாத்தியே வெச்சிருப்பாரு. காலையிலருந்து அதுக்குள்ளயே நின்னுகினு...”

நாக்கு குழறியது. செல்வி தீக்குச்சியைக் கிழித்து அவன் முகத்தைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

அகிலா ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாலையை ஒதுக்கிவிட்டுச் சட்டையை மோந்து பார்த்தாள்.

“அம்மா, மாமா மேல நைனா வாசன வருது.”

தீக்குச்சி எரிந்து செல்வியின் விரலைச் சுட்டது. அவள் குனிந்து மோந்தாள். அதே தித்திப்பு.

“நாளையிலருந்து நீ அங்க போவக்கூடாது” என்றாள். சாமி என்று சொல்லக்கூட மறந்துவிட்டாள்.

பழக்கத்தில் கை அகிலாவின் நெற்றிக்குப் போனது. சுடவில்லை.

கன்னையா செய்த சத்தியம் அப்படியே இருந்தது.