எட்டுச் செவ்வாய்க்கிழமைகள்

"பத்துச் செவ்வாய்க்கிழமைகளில் எட்டு முறை தாய் சந்திப்புக்கு வரவில்லை. குழந்தை காலணியைக் கழற்றாமல் ஜன்னலருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்."

லோர்னா ப்ரூயிட் எழுதிக் கொடுத்த அறிக்கையை நீதிபதி ஹௌகன் உரக்கப் படித்து முடித்தார்.

அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் நீதிமன்றம் அது. லோர்னா சம்பளம் வாங்கும் அலுவலர் அல்லர். தாயிடமிருந்து பிரித்து அரசு வளர்ப்பு வீட்டில் விட்டிருந்த ஆறு வயதுக் கோராவின் சார்பாக, கண்டதையும் கேட்டதையும் எடுத்துரைக்க நீதிமன்றம் அமர்த்திய தொண்டர். பல் மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் வரவேற்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்ன நேரத்துக்கு வராதவர்களை அவருக்கு என்றைக்குமே பிடிக்காது.

எதிரே கோராவின் தாய் ஷானா நின்றிருந்தாள். கோழி இறைச்சி ஆலையின் சீருடையை மாற்றவும் நேரமில்லாமல் வந்திருந்தாள். அரசு கொடுத்த வழக்கறிஞர் அவளிடம் முதன்முதலாகப் பேசியதே சற்று முன், நீதிமன்றப் படிக்கட்டில்தான்.

"நீங்க என்ன கேக்குறீங்க, லோர்னா?" என்றார் நீதிபதி.

"தாயோட உரிமையை முடிச்சு வைங்க, ஐயா. வளக்குற வீட்லயே தத்து எடுத்துக்கத் தயாரா இருக்காங்க. அந்தக் குழந்தை இன்னும் எத்தனை வாரம் ஜன்னலையே பாத்துட்டு இருக்கும்?"

"ஷானா, நீங்க என்ன சொல்றீங்க?"

"வரலைங்கறது உண்மைதாங்க. அதே நேரத்துல பெற்றோர் பயிற்சி வகுப்பு இருந்துச்சு. செவ்வாய், நாலு மணி. நீங்க போகச் சொன்ன வகுப்புதான். ஒரு நாள் விட்டாலும் மொதல்லேர்ந்து திரும்ப வரணும்னுட்டாங்க. ஆபீஸ்ல ரெண்டு தடவை சொன்னேன்."

லோர்னா, பக்கத்தில் இருந்த குழந்தை நலத்துறை அலுவலர் டாரினிடம் குனிந்தார்.

"பல்லைப் பிடுங்க வராதவங்ககிட்ட நான் கேக்காத சாக்கா, தம்பி? இதுல கொஞ்சம் புதுசா இருக்கு, அவ்வளவுதான்."

நீதிபதி டாரினைப் பார்த்தார். "ஆபீஸ்ல சொன்னதா சொல்றாங்களே?"

டாரின் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினான். "இதுல அப்படி எதுவும் இல்லீங்க. நான் வந்தே மூணு வாரம்தான் ஆகுது."

"உங்களுக்கு முன்னாடி இருந்தவர்?"

"வேலைய விட்டுட்டார்."

"அவருக்கும் முன்னாடி?"

"அவங்களும்தாங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

"நான் போட்ட முதல் உத்தரவுல சந்திப்பு வியாழக்கிழமை. அதைச் செவ்வாய்க்கு மாத்தினது யாரு, ஷானா?"

ஷானா தரையைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க."

"எழுத்துல ஒண்ணுமே இல்லாம நான் எதை நம்புறது? இந்த அறிக்கையைத்தான் நம்பணும். பத்து நிமிஷத்துல முடிவு சொல்றேன்." நீதிபதி எழுந்து உள்ளே போனார்.

"தெரியாதாமே!" என்று முணுமுணுத்தபடி லோர்னா தமது பையிலிருந்த கோப்பை எடுத்தார். "இவளேதான் மாத்தியிருப்பா. தேதியோட காட்டறேன், இருங்க தம்பி."

எந்தத் தாளையும் எறியாத பெண்மணி அவர். ஆகஸ்ட் மாதத்துத் தாள்களுக்கு இடையே தேடிய கடிதம் அகப்பட்டது.

"வியாழக்கிழமைகளில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஒத்திகை. சந்திப்பைச் செவ்வாய்க்கு மாற்றினால் நானும் உடனிருந்து கவனிக்க வசதியாக இருக்கும்."

கீழே லோர்னாவின் கையெழுத்து. அதற்கும் கீழே நலத்துறை அலுவலக முத்திரை: "மாற்றப்பட்டது. நகல் தாய்க்கு."

அவர் மறந்தே போயிருந்தார். ஒத்திகையைக்கூட இரண்டே வாரத்தில் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள்.

"கிடைச்சுதாம்மா?" என்றான் டாரின்.

லோர்னா கோப்பை மூடினார். டாரினுடைய கோப்பில் இந்தக் கடிதம் இல்லை, நீதிபதியிடமும் இல்லை. இதை மறுபடி பைக்குள் வைத்துவிட்டால் கேட்க ஒருவருமில்லை.

நீதிபதி திரும்பி வந்து அமர்ந்தார். அவர் வாய் திறக்குமுன் லோர்னா எழுந்து நின்றார்.

"ஐயா, கிழமையை மாத்தினது நான்தான். வகுப்பு எந்த நாள்னு நான் விசாரிக்கவே இல்ல. என் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கறேன்."

கடிதம் கைமாறியது. நீதிபதி அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தாயோட உரிமையை இன்னைக்கு யாரும் முடிக்கப் போறதில்ல. சந்திப்பு இனிமே சனிக்கிழமை. ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

டாரின் அவசர அவசரமாகக் குறித்துக்கொண்டான். லோர்னாவுக்கு உட்காரத் தோன்றவில்லை.

நீதிபதி ஷானாவின் பக்கம் திரும்பினார்.

"இதோட நகல் உங்களுக்கும் வந்திருக்கு. யார் மாத்தினாங்கன்னு உங்களுக்குத் தெரியும். பொண்ணே கையை விட்டுப் போற நேரத்துலயும் தெரியாதுன்னு சொன்னீங்களே, ஏன்?"

ஷானா அப்போதுதான் லோர்னாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் போக முடியாத எட்டுச் செவ்வாயும் அவ பக்கத்துல உக்காந்திருந்தது இவங்க ஒருத்தர்தாங்க. நான் பேரைச் சொல்லி, நீங்க இவங்களையும் மாத்திட்டீங்கன்னா, என் பொண்ணு பக்கத்துல யாருங்க உக்காருவா?"