அஞ்சு பாட்டில் தண்ணி

“செருப்பைக் கழட்டிட்டுப் போங்க!” என்று கத்தினாள் மதிவதனி. பூசணிக்கொடிப் பக்கம் போன அவள் கணவன் மாறன் திகைத்து நின்றான்.

“தோட்டத்துக்கு எதுக்கு மதி?”

“நைல், தேம்ஸ், டான்யூப், ஜெனிவா ஏரி, ஒன்டாரியோ ஏரி, அஞ்சும் அங்கதான் இருக்கு!”

அவர்களுடைய கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த நீலகண்டன், தன் அறுபதாம் கல்யாணக் கலசங்களுக்காக நாடு நாடாகப் போய்ச் சேர்த்த தண்ணீர் அது. ரூமில் மிஞ்சும் பாட்டில் தண்ணீரைப் பூசணிக்கு ஊற்றுவது மதியின் வழக்கம். நேற்றும் ஊற்றிவிட்டாள். காலி பாட்டில்களில் எழுதியிருந்த பெயர்களைப் பிறகுதான் படித்தாள். பயத்தில் போர் தண்ணீரை நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

மறுநாள் கலசாபிஷேகம் நடந்தது. “நைல் தண்ணி தலையில பட்டதுமே உடம்பெல்லாம் சிலிர்க்குது!” என்றார் நீலகண்டனின் மச்சினர்.

மதிக்கு மனசு கேட்கவில்லை. நீலகண்டனைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“மெதுவா பேசும்மா. கைப்பையில வச்சிருந்தேன். ஏர்போர்ட்ல தண்ணியக் கொட்டிட்டு வெறும் பாட்டிலைத்தான் குடுத்தாங்க. வந்த அன்னைக்கே நானும் உங்க போர் தண்ணியதான் புடிச்சு வச்சேன்.”

மதி வெளியே வந்தாள். தோட்டத்து ஓரத்தில் மாறன் பயபக்தியோடு குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“அட, போட்டுக்கினே போங்க!”