மகதலேனாவின் எலும்பு

"ரபேல் அங்கிள், சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. ஆன்டி உங்கள நல்லா ஏமாத்துறாங்க."

பிரிக்பீல்ட்ஸில் லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடி. மூன்றாவது மாடிப் படியில் இரண்டு கையிலும் சந்தைச் சாமான் நிறைந்த பாசார் பைகளோடு மூச்சு வாங்க நின்றிருந்தார் ரபேல். வழிமறித்தது எதிர்வீட்டுச் சந்திரகலா.

"என்னம்மா சொல்ற?"

"நேத்து நீங்க வெளிய போயிருந்தப்போ அஞ்சு கிலோ அரிசியத் தூக்கிக்கிட்டு கடகடன்னு மேல ஏறிப் போனாங்க லா. எலும்பு தேஞ்சவங்க அப்படியா ஏறுவாங்க? உங்களத்தான் மாடா உழைக்க விடுறாங்க."

ரபேலுக்குக் கோபம் வரவில்லை. அஞ்சு கிலோவா? படியில் தடுக்கி விழுந்திருந்தால்?

ஆறு மாதமாக மனுஷனுக்கு இதே பயம்தான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், சர்ச் ஹாலில் இலவச எலும்புப் பரிசோதனை. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருமே குதிகாலை மெஷினில் வைத்தார்கள். ரிசல்ட் வருவதற்குள் சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டார் ரபேல். பேப்பரோடு வந்த மகதலேனாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்கு எலும்பு தேய ஆரம்பிச்சிருச்சாம். இப்படியே விட்டா, ஒரு நாள் விழுந்து இடுப்பு ஒடியுமாம்."

அவளுடைய அக்கா இடுப்பு ஒடிந்து படுத்தவள்தான். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ரபேல் அங்கேயே ஆடிப்போனார்; தன் ரிசல்ட்டைக் கேட்கக்கூட மறந்துபோனார்.

"சிகரெட் புகை எனக்கு ஆகாதாம்," என்றாள். வருஷா வருஷம் தவக்காலத்துக்கு விட்டுவிட்டு, ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு பற்றவைக்கிற ஆள், இந்தத் தடவை ஈஸ்டர் போயும் தொடவில்லை.

"தனியா நடக்க பயமா இருக்கு," என்றாள். தினமும் காலை வெயிலில் கூடவே நடந்தார்.

"நான் மட்டும் பால் குடிக்கணுமா?" என்றாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரும் குடித்தார்.

"நீங்க பீர் குடிச்சிட்டுப் படுத்துட்டா, நான் விழுந்தா யாரு தூக்குறது?" என்றாள். அதுவும் போச்சு.

இவ்வளவும் செய்தது அவள் விழக் கூடாதே என்றுதான். அவளோ அரிசி தூக்குகிறாளாம்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே கேட்டார். "நேத்து அரிசி தூக்கினியா?"

மகதலேனா பைகளை வாங்கப் போனாள்.

"தொடாத. நான் இங்க தினம் செத்துச் செத்துப் பொழைக்கிறேன். உனக்குக் கொஞ்சமாச்சும் பயம் இருக்கா? இல்ல, அந்தப் பொண்ணு சொல்ற மாதிரி நடிக்கிறியா?"

"நடிக்கிறேன்னே வச்சுக்குங்க."

"நாளைக்கே அந்த டாக்டர்கிட்ட போறோம்."

"இப்ப எதுக்குங்க? அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

ரபேல் விடவில்லை. மறுநாள் காலையிலேயே டாக்டர் டீனாவின் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். சர்ச் ஹாலுக்கு வந்திருந்த அதே டாக்டர்.

"டாக்டர், மறைக்காம சொல்லுங்க. இவ எலும்பு எந்த நிலைமையில இருக்கு? அஞ்சு கிலோ தூக்கியிருக்கா."

டீனா கம்ப்யூட்டரில் பழைய ரிசல்ட்டைத் தேடி எடுத்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார்.

"ஆன்டி தூக்கலாமே. அவங்க எலும்பு நல்லா இருக்கு. தேய ஆரம்பிச்சது உங்களுக்குத்தான் அங்கிள்."

"எனக்கா? இது பொம்பளைங்களுக்கு வர்றதாச்சே?"

"ஆம்பளைங்களுக்கும் வரும். சிகரெட், பீர், ரிட்டயர் ஆனப்புறம் நாள் பூரா டிவி முன்னாடி. எல்லாத்தையும் விடணும், நடக்கணும், படி ஏறணும்னு ஆன்டிகிட்ட சொல்லி அனுப்பினேனே. அவங்க சொல்லலையா?"

ரபேல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"உங்க உடம்புக்குன்னு சொன்னா முப்பத்தேழு வருஷத்துல எதையாச்சும் விட்டிருக்கீங்களா? எனக்குன்னா விட்டுருவீங்கன்னு தெரியும்."