சுக்கானைப் பிடித்தவன்

கொக்குக்குச் சொந்தமான சரக்குக் கப்பலை வெங்காயம் ஏற்ற நரி வாடகைக்கு எடுத்திருந்தது. ஓட்டியது ஆமை.

கழிமுகத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. "தண்ணீர் ஏறட்டும், காத்திருப்போம்" என்றது ஆமை.

"வெங்காயம் அழுகிவிடும், உள்ளே விடு!" என்று நரி அதட்டியது.

"வாடகைக்கு எடுத்தவர் சொன்னபடி செய்" என்றது கூடவே வந்திருந்த கொக்கு.

ஆமை மனமில்லாமல் சுக்கானைத் திருப்பியது. கப்பல் மணலில் ஏறி நின்றுவிட்டது.

"கப்பல் உன்னுடையது" என்றது நரி. "வழி சொன்னது நீ" என்றது கொக்கு. கத்தி ஓய்ந்ததும் இரண்டும் ஆமையின் பக்கம் திரும்பின. "சுக்கானைப் பிடித்திருந்தது இவன்தானே!"

ஆமைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "நான் வேண்டாம் என்றபோது உங்கள் காது எங்கே போயிருந்தது? இனி நீங்களே பிடியுங்கள்!" என்று தண்ணீரில் குதித்துப் போய்விட்டது.

மாலையில் தண்ணீர் ஏறி, கப்பல் மிதந்தது. "நீ பிடி" என்றது நரி. "நீ பிடி" என்றது கொக்கு.

கப்பல் பாறைகளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.