வாழையின் இன்னொரு பயன்

"வாழையோட பயன் என்னென்ன? ஆளுக்கு ஒண்ணாச் சொல்லுங்க பாப்போம்!"

கேட்டவர் மாப்பிள்ளை. பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, வயது நாற்பத்தெட்டு. தலைமையாசிரியர் சுந்தரபாண்டியனால் தன் கல்யாணத்தன்றும் வகுப்பெடுக்காமல் இருக்க முடியவில்லை. ஒரே ஒரு முறை வானொலியில் சிறுவர்களுக்கு மரங்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியிருந்தார். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி., பி.எட்., அதற்கும் பின்னால் 'வானொலிப் பேச்சாளர்'.

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் பெண் வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அவரிடம் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இலையில சோறு திங்கலாம் சார்!"

"பூவுல வடை சுடலாம்!"

"சபாஷ். தண்டு?"

"கூட்டு வைக்கலாம். வயித்துல கல்லு இருந்தாக் கரைஞ்சிரும்னு எங்கம்மா சொல்லும்!"

"நார்?"

"பூக் கட்டலாம் சார்!"

"பாத்தீங்களா? இலை, பூ, காய், கனி, தண்டு, நார். அம்புட்டையும் குடுத்துட்டு, கடைசில வெட்டுனாலும் ஒரு வார்த்தை முணுமுணுக்காது. வீட்டுக்கு வர்ற பொம்பளைக அதப் பாத்துக் கத்துக்கிடணும்."

"சார், அந்த வாழைக்கு மட்டும் எதுக்குச் சேலை கட்டியிருக்கு?"

மேடை ஓரத்தில் ஒரு மண்தொட்டியில் இடுப்புயர வாழைக்கன்று நின்றது. மஞ்சள் சேலை, குங்குமப் பொட்டு, மல்லிகைச் சரம்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மரத்துக்கு உயிர் உண்டுன்னு விஞ்ஞானமே நிரூபிச்சிருக்கு. உயிருள்ளதுக்குத் தாலி கட்டுனா அதுவும் கல்யாணம்தானே? போங்க, போய் விளையாடுங்க."

உள்ளே மணமகள் அறையில் நாச்சியார் அழுது முடித்திருந்தாள். வயது முப்பத்தொன்று. ராஜபாளையத்தில் அவள் வேலை பார்த்த நூல் மில்லைப் பூட்டி எட்டு மாதம் ஆகிறது. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, அவருக்கு மூத்த தாரம் காய்ச்சல்ல போனா. ரெண்டாவது பிரசவத்துல போனா. மூணாந்தாரமும் தங்காதுன்னு ஜோசியரே சொல்லிட்டாரு. என்னையச் சாகக் குடுக்கவா கூட்டிட்டு வந்திய?"

"ஏட்டி, மெதுவாப் பேசு." பால்ச்சாமி கதவைச் சாத்தினார். மம்சாபுரத்தில் கூலி வேலைக்குப் போகிறவர். அன்று இரவல் சட்டையில் இருந்தார். "மூணாவது நீயா? அந்த வாழைதான் மூணாவது. அதுக்குத் தாலியக் கட்டி ஒரே வெட்டு. வாற வினை அம்புட்டும் அதோட போயிரும். நீ நாலாவது. நாலாவதுக்கு ஒரு கொறையும் கெடையாதாம்."

"நெசமாவா?"

"ஜோசியர் அடிச்சுச் சொல்லுதாரு. மாப்பிள்ளை இந்த வருசந்தான் தூத்துக்குடியிலருந்து மாத்தலாகி வந்திருக்காரு. தங்கமான மனுசன்னு பள்ளிக்கூடத்துல சொல்லுதாவ. ஒனக்குப் பின்னால ரெண்டு பேரு நிக்காளுக தாயி."

நாச்சியாருக்கு வேறு வழி இல்லை. அதனால் நம்பினாள்.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்பாக மாப்பிள்ளை வாழையின் கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். கட்டிய கையோடு அரிவாளை வாங்கி ஒரே வீச்சில் அதைச் சாய்த்தார். புகுந்த வீட்டில் யாரோடும் ஒரு சண்டைகூடப் போடாத மருமகள் சேலையோடு தரையில் கிடந்தாள்.

"பூவும் பொட்டுமாப் போயிட்டா, மகராசி" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. யாரோ சிரித்தார்கள்.

பத்து நிமிடம் மனைவியை இழந்தவராக இருந்துவிட்டு, தலைமையாசிரியர் மாலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். கெட்டிமேளம் கொட்டியது. நாச்சியாரின் கழுத்தில் மூன்று முடிச்சு விழுந்தது.

அவள் புருஷனைப் பார்க்கவில்லை. தொட்டியில் மிச்சமிருந்த அடித்தண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டிய இடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. 'எனக்குப் பதிலா நீ போயிட்டியே' என்று மனதுக்குள் அதைக் கும்பிட்டாள். கல்யாணம் பேசிய நாளுக்குப் பிறகு முதல் முறையாக அவளுக்குப் பசித்தது.

பந்தியில் அவள் பக்கத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் இரண்டாம் தாரத்து மகள் காஞ்சனா. இவளைப் பெற்றுப் போட்டுவிட்டுத்தான் அந்தத் தாய் போனாளாம். நாச்சியாருக்கு மனசு இளகியது. தன் இலையிலிருந்த வடையைப் பிட்டு அவளுக்குக் கொடுத்தாள்.

"தின்னு தாயி. எத்தனாவது படிக்கே?"

"மூணாப்பு." சிறுமி மென்றுகொண்டே அவள் முகத்தை ஆராய்ந்தாள். "நான் ஒங்கள என்னன்னு கூப்பிட?"

"சித்தின்னு கூப்பிடு."

"அது வேண்டாம்." காஞ்சனா தலையை ஆட்டினாள். "தூத்துக்குடியில இருந்த சித்தியத்தான் அப்படிக் கூப்பிடுவேன். அவியளக் கட்டுததுக்கு முந்தியும் அப்பா இதே மாதிரி ஒரு வாழைய வெட்டுனாவ. போன கார்த்திகையில அவியளும் செத்துட்டாவ."