நொண்டும் நாடி

“இன்னாடி ஆராயி, புதுப் பொண்ணாட்டம் புருஷன் கைய உட மாட்டேன்ற?” என்று வாசலில் நின்று சிரித்தாள் ஞானாம்பாள். உப்பளத்து வேலைக்குக் கூப்பிட வந்தவள்.

“போடி, உனக்கு வேற வேலையில்ல. நீ முன்னால போ, நான் வர்றேன்.” கட்டிலில் கிடந்த காசிலிங்கத்தின் மணிக்கட்டை ஆராயி விடவில்லை.

சிரிக்கிறவளுக்கென்ன, அவள் வீட்டில் சண்டை போடவாவது நாலு பேர் இருக்கிறார்கள். ஆராயிக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இருந்த ஒரே மனுஷரையும் தை மாதம் பக்கவாதம் அடித்து, ஒரு பக்கக் கை காலோடு வாய்ப்பேச்சையும் கொண்டு போய்விட்டது.

பாண்டிச்சேரி டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியிருந்தார். “பிரஷர் இல்ல, சக்கரை இல்ல, ஈசிஜி சுத்தமா இருக்கு. சில பேருக்கு நெஞ்சு எப்பவாவது தாளம் தப்பி நொண்டும்மா. அப்ப ரத்தம் கட்டி, மூளைக்குப் போய் அடைச்சுக்கும். ஆனா இங்க வந்து படுத்தா ஒண்ணும் தெரியாத பூனை மாதிரி ஒழுங்கா அடிக்கும்.”

“அதுக்கு மருந்து குடுத்துடுங்களேன் ஐயா.”

“கையும் களவுமா புடிக்காம குடுக்கக் கூடாது, ரத்தம் கசிஞ்சா ஆளுக்கே ஆபத்து. வீட்டுல நீங்கதான் நாடி புடிச்சுப் பாக்கணும். இப்படி மூணு விரல வைங்க, கட்டவிரல் வேணாம். நொண்டுச்சுன்னா உடனே கூட்டிட்டு வாங்க. இன்னொரு வாட்டி அடிச்சா தாங்க மாட்டார்.”

மூன்று விரலையும் வைத்துத்தான் பார்த்தாள். சின்ன வயசிலிருந்து உப்பு வாரி, வெடித்துக் காய்த்துப்போன விரல்நுனிகளுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தியதும் டக் டக்கென்று வந்தது. ஆராயிக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தத் துடிப்புதான் அவளுக்குப் பேச்சுத் துணை. உப்பளம் விட்டு வந்ததும் மணிக்கட்டைத் தேடுவாள். “இன்னிக்கு வெயிலு கொளுத்திடுச்சி. உனக்கும் வேர்த்துச்சா?” என்பாள். காசிலிங்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார், மணிக்கட்டில் மட்டும் பதில் வரும். ஆளில்லாத வீட்டில் அது போதாதா?

பங்குனியில் அந்த நாடி நொண்டியது. ரெண்டு தட்டு தட்டி, ஒன்றை விழுங்கி, பிறகு தடதடவென்று ஓடியது. அந்தக் கவலையில் அவளுக்கே நெஞ்சு படபடத்தது, உப்பள வரப்பில் நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. வாங்காதா பின்னே?

எமர்ஜென்சி வந்து பஸ்கூட நேரம் தவறாமல் ஓடிய காலம் அது. தாளம் தப்பியது இந்த நாடி ஒன்றுதான். மரக்காணத்தில் ஆளைத் தூக்கி ஏற்றி, திண்டிவனத்தில் பஸ் மாறி, கிளியனூர் தாண்டிப் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தாள். மிஷினில் படுக்கவைத்தால் ஒழுங்காக அடித்தது. மறுபடி போனாள், மறுபடியும் அதே கதை.

அடுத்த முறை டாக்டருக்கே சலித்துவிட்டது. காசிலிங்கத்தின் இடது கையைப் பிடித்தபடி, “கடிகாரம் மாதிரி ஓடுது. எல்லாம் உங்க மனப்பிராந்திம்மா” என்றார்.

ஆராயி பாய்ந்து வலது கையைப் பிடித்தாள். “இல்லீங்க ஐயா! இதோ, இப்பவே நொண்டுது. சாமி சத்தியமா நொண்டுது. இவரும் போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்?”

“ஒரு ஆளுக்கு ரெண்டு நெஞ்சா இருக்கு?” என்று எரிந்து விழுந்தவர், அவள் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தார். “கட்டவிரல் வேணாம்னு சொன்னேனே?”

“மத்த விரலையெல்லாம் உப்பு தின்னுடுச்சிங்க. இதுலதான் எனக்குக் கேக்குது.”

டாக்டர் கட்டிலைச் சுற்றி வந்தார். அவள் கையை இழுத்து, மணிக்கட்டில் தன் மூன்று விரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவேயில்லை. முகத்தில் இருந்த சலிப்பு போய்விட்டது. நர்சைக் கூப்பிட்டு, ஈசிஜி மிஷினைத் தள்ளிவரச் சொன்னார்.

ஆராயி அவசர அவசரமாகக் காசிலிங்கத்தின் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். “டாக்டரு புடிச்சிட்டாருய்யா! இனிமே உனக்கு மருந்து குடுத்துடுவாரு” என்றாள் அவர் காதருகே.

“அவருக்கு இல்லம்மா, நீங்க படுங்க” என்றார் டாக்டர் மெதுவாக. “கட்டவிரல்லயும் நாடி ஓடும்… இத்தன நாளா நீங்க கேட்டது உங்க நெஞ்சும்மா.”